இலவசப் பாட்டும் வீட்டுக்கு ஐந்து ரூபாயும்

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். பார்த்தது அரசாங்கக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா உத்தியோகம். இந்த இரண்டும் சேர்ந்தால் மனிதனுக்கு இரண்டு பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். எந்தச் சொல்லைக் கேட்டாலும் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கத் தோன்றும். எந்தச் செலவைப் பார்த்தாலும் அது எந்தத் தலைப்பில் எழுதப்பட்டது என்று கேட்கத் தோன்றும். ஓய்வு பெற்றும் இரண்டும் போகவில்லை.

கோடை வந்தால் நம்மூர்ச் சுவர்களில் "அனைவரும் வருக, அனுமதி இலவசம்" என்ற சுவரொட்டிகள் தென்படும். பிரெஞ்சில் இலவசம் என்பதற்குக் 'கிராத்துய்' என்று சொல்வார்கள். அருள், தயவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. அப்படியானால் இலவசம் என்பது யாரோ ஒருவருடைய தயவு. தெருவில் நடக்கும் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் அந்தத் தயவு யாருடையது, எந்தப் பையிலிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. பிரான்சிலும் பார்ப்போம், நம் தெருவிலும் பார்ப்போம். இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தவன் நான்.

இங்கே ஆடலாம்

என் வயதுக்காரர்களுக்கு 'கத்தோர்ஸ் ழுய்யே' என்றால் விளக்கம் தேவையில்லை. ஜூலை 14. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அதைப் பாஸ்தீய் சிறையை மக்கள் பிடித்த நாள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது 1789. ஆனால் தெருவில் ஆடும் வழக்கத்தை அறிய அதற்கு அடுத்த வருடத்தைப் பார்க்க வேண்டும்.

1790 ஜூலை 14 அன்று பாரிசில் ஷான் தெ மார்ஸ் என்ற பெரிய திடலில் நாட்டு ஒற்றுமைக்காக ஒரு விழா நடந்தது. இப்போது ஈஃபில் கோபுரத்தின் எதிரில் இருக்கும் திடல் அது. லட்சக்கணக்கில் ஜனங்கள் வருவார்கள் என்பதால் திடலைச் சுற்றி மண்ணை உயர்த்திக் கரை கட்ட வேண்டியிருந்தது. கூலிக்கு வைத்த ஆட்களால் குறித்த நாளுக்குள் முடியாது என்று தெரிந்ததும் பாரிஸ் ஜனங்களே தள்ளுவண்டியோடும் மண்வெட்டியோடும் வந்துவிட்டார்கள். துறவிகளும் சீமாட்டிகளும் தொழிலாளிகளும் ஒன்றாக மண் சுமந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அதைத் 'தள்ளுவண்டி நாள்' என்று சொல்கிறார்கள்.

விழா அன்று நல்ல மழை. அப்படியும் விழா நின்றுவிடவில்லை. இடித்துத் தள்ளிய பாஸ்தீய் சிறை இருந்த இடத்தில் விளக்குகள் கட்டி ஒரு பலகையும் வைத்தார்கள். 'இங்கே ஆடலாம்' என்று அதில் எழுதியிருந்தது. முந்தின வருடம் வரை ராஜாவின் கடிதம் ஒன்று வந்தால், விசாரணை இல்லாமலே மனிதனை அடைத்துவைத்த இடம் அது. அங்கே கட்டணமில்லாமல் யாரும் ஆடலாம் என்று பலகை வைத்தது சாதாரண விஷயமில்லை. இதில் நான் கணக்கில் எழுதிக்கொள்வது ஒன்றுதான்: இலவசமாக ஆடிய ஜனங்கள்தான் முதல் வாரம் மண் சுமந்தார்கள்.

அதற்குப் பிறகு ராஜாக்கள் வந்தார்கள், சக்கரவர்த்திகள் வந்தார்கள், விழா மறைந்துபோனது. 1880 ஜூலை 6ஆம் தேதிச் சட்டம்தான் ஜூலை 14ஐத் தேசிய விழா ஆக்கியது. பெஞ்ஜமேன் ரஸ்பாய் என்ற உறுப்பினர் கொண்டுவந்தது. சட்டம் ஒரே வாக்கியம். எந்த வருடத்து ஜூலை 14 என்று அதில் சொல்லவில்லை. 1789ல் ரத்தம் சிந்தியதே என்று தயங்கியவர்களுக்கு, 1790ஆம் வருடத்து ஒற்றுமை விழாவை நினைத்துக்கொள்ளுங்கள் என்று செனட் சபையில் ஆன்ரி மர்த்தேன் என்ற சரித்திர ஆசிரியர் சமாதானம் சொன்னார். கோப்பில் இப்படி எல்லோருக்கும் ஒத்துவரும்படி எழுதுவது எவ்வளவு சிரமம் என்று என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்குத் தெரியும்.

பை யாருடையது?

அதிலிருந்து ஒவ்வொரு ஊரிலும் ஜூலை 14க்கு நகராட்சி, நாம் 'மேரி' என்று சொல்வதுதான், விளக்கு கட்டியது, பேண்டு வாத்தியம் வைத்தது. ஆனால் பேட்டைக்குள், சந்து முனையில் நடந்த ஆட்டத்துக்கு அந்தப் பேட்டைக் கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் சந்தா போட்டார்கள். காப்பிக் கடை வாசலில் பலகை அடித்து ஒரு மேடை, அதில் நாலு வாத்தியக்காரர்கள், குறுக்கே காகித விளக்குகள், கீழே ஜனங்கள். 1933ல் ரெனே கிளேர் எடுத்த படத்துக்குப் பெயரே 'கத்தோர்ஸ் ழுய்யே'தான். பாரிசின் ஒரு ஏழைப் பேட்டையில் ஜூலை 14 தெரு ஆட்டம் எப்படி இருந்தது என்று அதில் பார்க்கலாம்.

வாத்தியக்காரர்கள் யார் என்று கேட்டால், பாதிப் பேர் பிழைப்புத் தேடி வந்தவர்கள். பிரான்சின் நடுவில் ஓவெர்ஞ் என்ற மலைநாடு இருக்கிறது. அங்கிருந்து பாரிசுக்கு வந்தவர்கள் கரி விற்றார்கள், தண்ணீர் சுமந்தார்கள், பிறகு சின்ன மதுக்கடைகள் வைத்தார்கள். கூடவே ஊர் வாத்தியத்தையும் கொண்டுவந்தார்கள். ஆட்டுத்தோல் பையில் காற்றை அடைத்து ஊதும் குழல். அதற்கு 'மியூசேத்' என்றும் பெயர் உண்டு. அதனால்தான் அந்த ஆட்டத்துக்கு 'பால் மியூசேத்' என்று பெயர் வந்தது. பாஸ்தீய் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே லாப் தெருவில் இதற்கான கடைகள் இருந்தன.

பிறகு இத்தாலியர்கள் வந்தார்கள், தோளில் அக்கார்டியனோடு. தோல்பைக்காரர்களுக்கும் அக்கார்டியன்காரர்களுக்கும் ஆகவில்லை. ஒரு ஆள் அக்கார்டியனைப் பிரித்தால் மூன்று ஆள் சத்தம் வரும், கடைக்காரருக்குச் செலவு மிச்சம். சண்டை வராமல் என்ன செய்யும்? ஆனால் தோல்பைக் குழலில் பேர்பெற்ற புஸ்கத்தேல் என்பவர், ஷார்ல் பெகூரி என்ற இத்தாலிய வம்சத்து அக்கார்டியன்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்தார். பின்னால் அந்தப் பெகூரியே அவருக்கு மாப்பிள்ளையும் ஆனார். இன்று பாரிஸ் இசை என்றதும் நம் காதில் கேட்கும் அக்கார்டியன் இப்படி வந்து சேர்ந்ததுதான்.

அந்தக் கடைகளில் வசூல் முறை வேடிக்கையாக இருக்கும். நுழைய ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆட்டம் பாதியில் இருக்கும்போது பாட்டை நிறுத்திச் "சில்லறையை எடுங்கள்" என்று குரல் கொடுப்பார்கள். ஜோடிக்குச் சில காசு. கொடுத்தால் மீதி ஆட்டம். எங்கள் கருவூலத்தில்கூட இவ்வளவு கறாராக வசூல் நடந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு உலகப் போர்களிலும் இந்த ஆட்டங்களுக்குத் தடை. பிள்ளைகள் சண்டையில் சாகும்போது ஆட்டமா என்பது காரணம். 1940ல் ஜெர்மன்காரர்களிடம் தோற்ற பிறகு வந்த விஷி அரசாங்கமும் தடையை விடவில்லை. நாடு தோற்றதற்கு ஜனங்களின் கேளிக்கைதான் காரணம் என்பது அவர்கள் நினைப்பு. கிராமங்களில் வைக்கோல் கொட்டகைக்குள் மறைந்து மறைந்து ஆடினார்கள். தெருவில் நாலு பேர் கூடி ஆடுவதைக் கண்டு ஓர் அரசாங்கம் இவ்வளவு பயந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

பீப்பாயும் அரைமணி நேரமும்

என் மகள் குடும்பத்தோடு பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவியும் இரண்டு கோடை அங்கே தங்கினோம். ஒருநாள் பேரன், "தாத்தா, இன்றைக்கு ராத்திரி பொம்பியே பாலுக்குப் போகலாம்" என்றான். பொம்பியே என்றால் தீயணைப்பு வீரர்கள். பால் என்றால் ஆட்டம். என் மனைவிக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. "ஃபயர் சர்வீஸ்காரர்கள் பால்கூட ஊற்றுகிறார்களா? சொம்பு எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாள். இன்றுவரை எங்கள் வீட்டில் அது சிரிப்பு.

இந்த வழக்கத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். 1937 ஜூலை 14 அன்று அணிவகுப்பு முடிந்து மோன்மார்த்ர் பேட்டைத் தீயணைப்பு வீரர்கள் நிலையத்துக்குத் திரும்பியபோது ஜனங்கள் பின்னாலேயே வந்துவிட்டார்களாம். சரி, உள்ளே வாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அது அப்படியே நிலைத்து, இன்று பிரான்ஸ் முழுவதும் ஜூலை 13, 14 இரவுகளில் நிலையங்கள் திறந்திருக்கின்றன. சில இடங்களில் சிறு கட்டணம் உண்டு. நாங்கள் போன இடத்தில் வாசலில் ஒரு மரப்பீப்பாய் வைத்திருந்தார்கள். இஷ்டப்பட்டதைப் போடலாம், போடாமலும் போகலாம். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பணம் நிலையத்தின் தேவைகளுக்குப் போகும் என்று மருமகன் சொன்னார்.

வண்டிகளை வெளியே நிறுத்தி முற்றத்தைக் காலி செய்திருந்தார்கள். முன்னிரவில் ஒரு வாத்தியக் குழு வாசித்தது. என்னைவிட வயதான ஒரு ஜோடி வால்ஸ் ஆடியது. தலையில் துணி கட்டிய ஆப்பிரிக்கப் பெண்மணி ஒருவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே ஆடினார். எல்லோரும் அந்த வட்டாரத்து ஜனங்கள். உள்ளே வந்த சின்னப் பையன்களும் அந்தப் பீப்பாயில் சில்லறை போட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் இந்தக் கட்டுரைக்கு விதை விழுந்தது.

மற்றொரு வழியும் பிரான்சில் உண்டு. 1981ல் மித்தேரான் ஜனாதிபதியாகி ழாக் லாங் கலாசார மந்திரியானபோது, இசை, நாட்டியத் துறைக்கு மொரிஸ் ஃப்ளேரே என்பவர் இயக்குநராக வந்தார். ஒரு கணக்கெடுப்பு அவர்கள் கைக்குக் கிடைத்தது. பிரான்சில் சுமார் 50 லட்சம் பேருக்கு ஏதாவது ஒரு வாத்தியம் வாசிக்கத் தெரியும், பிள்ளைகளில் இரண்டில் ஒருவர் வாசிக்கிறார் என்று அதில் இருந்தது. இவ்வளவு வாத்தியங்களும் வீட்டு அலமாரியில் தூங்குகின்றனவே, ஒருநாள் தெருவுக்கு வரட்டும் என்று நினைத்தார்கள். 1982 ஜூன் 21, வருடத்திலேயே பகல் நீண்ட நாள், முதல் இசை விழா நடந்தது. அவர்கள் கேட்டது இரவு 8.30 முதல் 9 வரை அரைமணி நேரம்தான். ஜனங்கள் தெருவை விட்டுப் போகவில்லை.

அந்த விழாவின் பெயரிலேயே ஒரு சிலேடை இருக்கிறது. 'இசை விழா' என்று சொன்னாலும் 'இசை வாசியுங்கள்' என்று சொன்னாலும் பிரெஞ்சில் காதுக்கு ஒரே மாதிரி கேட்கும். விதி இரண்டு. கேட்பவருக்குக் கட்டணம் கூடாது. வித்வானும் வாசிக்கலாம், வீட்டில் கற்றுக்கொண்டவரும் வாசிக்கலாம். இன்று 100 நாடுகளுக்கு மேல் நடக்கிறது. புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸ் முயற்சியால் நாமும் பார்த்திருக்கிறோம்.

கணக்கில் பார்த்தால் இந்த விழாவில் செலவு வாசிப்பவர் தலையில். அவர் தன் நேரத்தையும் வாத்தியத்தையும் கொடுக்கிறார். வருடத்தில் ஒருநாள் என்றால் அது அழகான தானம். ஆனால் வாசித்துத்தான் அடுப்பு எரிய வேண்டும் என்று இருப்பவரிடம், "இலவச விழாதானே, சும்மா வாசியுங்கள்" என்று கேட்பது நியாயமில்லை. அங்கேயே தொழில்முறைக் கலைஞர்கள் பலர் இதைச் சொல்லி மனம் வருந்துகிறார்கள்.

கடற்கரையும் கூத்துக்களமும்

இனி நம்மூர். 1954 நவம்பர் 1ல் அதிகாரம் கைமாறியபோது நான் கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரியவன். அப்பா சொல்லித்தான் முந்தின காலம் தெரியும். ஜூலை 14 அன்று கவர்னர் மாளிகைக்குள் நடந்த ஆட்டத்துக்கு அழைப்பிதழும் கோட்டும் வேண்டும். வெளியே பேண்டும் வாணவேடிக்கையும் எல்லோருக்கும். "உள்ளே அவர்கள் ஆடினார்கள், வெளியே நாம் வேடிக்கை பார்த்தோம்" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிடுவார். 'இங்கே ஆடலாம்' பலகை கப்பலேறி இங்கே வரும்போது பாதி எழுத்து அழிந்துவிட்டது போலிருக்கிறது.

1962க்குப் பிறகும் அந்த நாள் நின்றுவிடவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் நம்மூர்க் குடும்பங்களும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த 'சொல்தா' பெரியவர்களும் முந்தின நாள் மாலை விளக்கு ஏந்தி ஊர்வலம் போவார்கள். கடற்கரைச் சாலைப் போர்வீரர் நினைவிடத்தில் மலர்வளையம், இரண்டு நாட்டுக் கீதம். பையனாக நான் ஊர்வலத்தின் ஓரத்திலேயே ஓடியிருக்கிறேன். ஆனால் ஊர் முழுவதும் கூடும் ஆட்டம் என்றால் எனக்கு அது அல்ல.

என் தெருவுக்கு ஆட்டம் என்றால் தெருக்கூத்துதான். தொண்டை நாட்டிலும் தென்னார்க்காட்டிலும், அதன் நடுவே இருக்கும் நம் புதுச்சேரியிலும், பங்குனியில் தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் நெல்லும் நேரமும் இருக்கும் காலம். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படிப்பார். இரவு பத்து மணிக்கு மேல் கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒன்றாகப் போய், கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் திடல் முழுக்கப் படுத்திருப்பான். சாயங்காலம் தீமிதி.

பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போய் இடம் பிடிப்போம். மிருதங்கம், தாளம், ஆர்மோனியப் பெட்டி, காதைத் துளைக்கும் முகவீணை. திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் முதலில் வரும். திரை விலகி, கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிய வேஷக்காரர் சுற்றிச் சுழன்று ஆடும்போது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கண்ணாடிச் சில்லுகள் மின்னும். தூங்கிப்போன பிள்ளைகளைத் துகில் உரியும் கட்டத்தில் அம்மாக்கள் தட்டி எழுப்புவார்கள். எந்தப் பாரிசும் எனக்கு அந்த விடிகாலையைக் கொடுக்கவில்லை.

இந்தக் கூத்தின் பெருமையைப் பிரான்சும் தெரிந்துகொண்டது. ஆரியன் முனுஷ்கின் அம்மையார் தன் தெயாத்ர் தியு சொலேய் நாடகக் குழுவோடு புதுச்சேரியில் வந்து தங்கி, புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானிடம் கூத்துப் பயிற்சி எடுத்துக்கொண்டு, 2016ல் பாரிஸ் அருகே 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகத்தை நடத்தினார். அதில் பாரதக் கூத்தும் வருகிறது. அங்கே சீட்டு வாங்கித்தான் பார்க்க முடியும். நம்மிடம் பாய் இருந்தால் போதும்.

பாய் இருந்தால் போதும் என்றேன். ஆனால் ஜமாவுக்குச் சம்பளம்? வாத்தியார், வேஷக்காரர்கள், வாத்தியக்காரர்கள் என்று பன்னிரண்டு பதினைந்து பேர். வெற்றிலை பாக்கில் அச்சாரம் வைத்து ஒப்பந்தம் பேசுவார்கள். வரும் பணத்தை அவர்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்தப் பணம் தலைக்கட்டு வரியிலிருந்து வந்தது. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் போடும் வரி. மாடி வீட்டுக்கும் ஓலை வீட்டுக்கும் ஒரே தொகை. 1970களின் கடைசியில் எங்கள் தெரு விழாக் கணக்கை நான்தான் எழுதினேன். வீட்டுக்கு ஐந்து ரூபாய். அது போக, கூத்து நடக்கும்போதே ஜனங்கள் ரூபாய் கொடுப்பார்கள். கதையை நிறுத்திவிட்டுக் கட்டியக்காரன், "நம் அண்ணன் இன்னார் அர்ச்சுன மகாராசாவுக்கு இரண்டு ரூபாய் அன்பளிப்பு" என்று கூவுவான். பிரெஞ்சுக்காரன் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திச் சில்லறை கேட்டானே, அதே வித்தை. ஆனால் இங்கே கொடுப்பவன் பெயர் சபையில் ஏறும்.

பெருமை பேசிவிட்டு மறைக்கக் கூடாததையும் எழுத வேண்டும். அந்த வரி எல்லோரிடமும் வாங்கப்படவில்லை. ஊர்க் கணக்கில் தலைக்கட்டாக ஏறாத ஜனங்கள் இருந்தார்கள். சேரிப் பக்கத்தில் இருந்தவர்களிடம் காசு கேட்கவே மாட்டார்கள். கேட்காதது இரக்கத்தால் அல்ல. வரி கொடுத்தால் முன்னால் வந்து உட்காரும் உரிமையும், விழாவில் ஒரு வார்த்தை பேசும் உரிமையும் வந்துவிடுமே! அவர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். அவர்களுக்குக் கூத்து முழுக்க முழுக்க இலவசம்தான். அந்த இலவசத்தில் இருந்த அவமானம் எனக்கு அப்போது கண்ணில் படும் வயதும் இருந்தது.

ஆகவே கணக்கில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கேட்க யார் வரலாம் என்பது ஒன்று. கொடுக்க யார் வரலாம் என்பது மற்றொன்று. சுவரொட்டிகள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கின்றன. 1790ல் தள்ளுவண்டியும், தீயணைப்பு நிலையத்துப் பீப்பாயும் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொன்னவை. யாரும் மண் சுமக்கலாம், யாரும் காசு போடலாம்.

இப்போது எங்கள் தெருவில்

கடந்த இரண்டு வருடமாக எங்கள் தெரு விழாவில் கூத்து இல்லை. வசதியான அன்பர் ஒருவர் முழுச் செலவையும் தானே ஏற்பதாகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் விருப்பப்படி ஒரு ராத்திரி 'ஆடலும் பாடலும்' நிகழ்ச்சி. வெளியூர்க் குழு, ஆள் உயர ஒலிபெருக்கிகள், பதிவு செய்த பாட்டுக்கு மேடையில் ஆட்டம். தெருமுனையில் பெரிய பேனர். கூட்டத்துக்குக் குறைவில்லை. இளைஞர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. அக்கார்டியன் வந்தபோது தோல்பைக்காரர்களும் உலகம் அழிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

என்னை உறுத்தியது வேறு. வீடு வீடாக வசூலுக்குப் போகும் வேலை நின்றுவிட்டது. நோட்டுப் புத்தகம் எழுத ஒன்றுமில்லை. விழா முடிந்து நாலு நாள் கழித்து, கடைசிச் சந்தில் இட்லி விற்கும் ஆயா என்னை நிறுத்தினார். "ஏன் ஐயா, இந்த வருசமும் எங்கிட்ட காசு கேட்க யாரும் வரலியே? நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டீங்களா?" என்றார். வருடாவருடம் பதினொரு ரூபாய் கொடுப்பவர் அவர். ஒருவர் முழுச் செலவையும் ஏற்றால் செலவுதான் மிச்சம் என்று நாங்கள் எல்லோரும் இருந்தோம். அந்த ஆயாவுக்கு மட்டும்தான் நஷ்டம் தெரிந்தது.

மற்ற நஷ்டம் ஜமாவுக்கு. ஆடி முடிந்தால் அடுத்த பங்குனி வரை அவர்களில் பலருக்குக் கட்டிட வேலையோ வயல் வேலையோதான். ஒரு தெரு ஒரு ராத்திரியை நிறுத்தினால் பதினைந்து வீட்டில் அடுப்பு குறைகிறது. வாத்தியாருக்குப் பிறகு அந்தப் பாட்டையும் அடவையும் கற்றுக்கொள்ளப் பையன் ஏன் வருவான்?

வரும் பங்குனியில் விழாக் குழு கூடும்போது நான் சொல்லப் போவது இதுதான். அன்பரின் நிகழ்ச்சி ஒரு ராத்திரி இருக்கட்டும். அவர் பேனரும் இருக்கட்டும். கூடவே ஒரு ராத்திரி கர்ண மோட்சம் வேண்டும். அதற்கு ஒருவரிடமும் மொத்தமாக வாங்கக் கூடாது. வசூல் நோட்டில் சொந்த வீட்டுக்காரர் பெயர் ஏறினால் வாடகைக்கு இருப்பவர் பெயரும் ஏற வேண்டும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஜனங்களின் வாசலுக்கும் மரியாதையாகப் போய்க் கேட்க வேண்டும். அங்கே பெயர் எழுதப்பட்டவர்கள் முன்வரிசையில் பாய் விரித்தால் யாரும் புருவம் உயர்த்தக் கூடாது. கொடுக்க முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம். திடல் வாசலில் ஒரு பீப்பாய், இல்லாவிட்டால் ஒரு அண்டா வைத்துவிடலாம். ஜமாவுக்குச் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைக்கக் கூடாது, "கோயில் காரியம்தானே" என்று பேரம் பேசவும் கூடாது.

ஒலிபெருக்கி வாடகையில் பாதிகூட ஆகாது என்பது என் கணக்கு. நோட்டுப் புத்தகம் ஒன்று புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். கோடு போட்டாகிவிட்டது. முதல் வரியில் கடைசிச் சந்து ஆயாவின் பெயரை எழுதியிருக்கிறேன், எதிரே பதினொரு ரூபாய். நம் தெருக்காரர்கள் இதைப் படித்தால், இரண்டாவது வரி காலியாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவும்.